விலகி நடந்த குதிரை

கதிரை, அதுதான் நாற்காலி, நிலத்தில் இழுபடுகிற சத்தம் எனக்கு ஆகவே ஆகாது. பல்லுக் கூசும். அதனால் நான் வேலைக்குப் போன முதல் நாளே வாயைத் திறக்க வேண்டியதாகிவிட்டது. மத்தியானச் சாப்பாடு முடிந்த கையோடு நான் பார்த்துக்கொள்ளப் போன கிழவனார் எழும்பி, சமைக்கிற குசினியில் கிடந்த கதிரையை மல்லாக்கச் சரித்து, மேலே நின்ற இரண்டு கால்களையும் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, வீடு முழுக்கத் தள்ளத் தொடங்கினார். நான் அப்போதுதான் நிலம் துடைத்து முடித்திருந்தேன். உந்தக் கண்டறியாத விளையாட்டை விடுங்கோ என்று கத்தினேன். அவர் திரும்பியும் பார்க்கவில்லை. கதிரை கிறீச்சென்று அழ, அறையைச் சுற்றி நடந்துகொண்டே இருந்தார்.

நான் இலங்கையில் மன்னார்க்காரி. இத்தாலியின் சிசிலித் தீவில் இருக்கிற பலெர்மோவுக்கு வந்து தலையும் நரைத்துப் போயிற்று. பல்லரோச் சந்தைக்குப் பின்பக்கத்தில் நானும் என் மனுசனும் இருக்கிறோம். காலையில் ஸ்தாசியோனே சென்ட்ராலே ரயில் நிலையத்துக்கு நடந்து போய், அங்கே பஸ் ஏறி பிரான்காச்சோவில் இறங்குவேன். அங்கே மாடி வீடுகள் வரிசையாக நிற்கும். கீழே கார் திருத்துகிற கடைகள், தகரம் வெட்டுகிற கடைகள். ஒரு கட்டடத்தின் நிலத்தளத்தில் கிழவனாரின் வீடு. பின்கதவைத் திறந்தால் எல்லாக் குடும்பங்களுக்கும் பொதுவான முற்றம். அவருக்குத் தொண்ணூறு கடந்துவிட்டது. மனைவி செத்துப் பல வருசம். ஒரே மகள் பள்ளிக்கூடத்தில் படிப்பித்து ஓய்வு எடுத்தவள். நகரத்தின் மற்றப் பக்கத்தில் இருக்கிறாள். என்னை வேலைக்கு வைத்த சிஞ்ஞோரா, அதாவது வீட்டு அம்மா, அவள்தான்.

கிழவனாரோடு நான் கதைப்பது இத்தாலியன். அவர் திருப்பிச் சொல்வது பாதிக்கு மேல் சிசிலியன். இரண்டையும் நான் என் தமிழில்தான் நினைவு வைத்திருக்கிறேன். அதனால் இதில் அவர் மன்னார் ஆள் மாதிரிக் கதைத்தால் அது என்னுடைய குற்றம், அவருடையது அல்ல.

கதிரை விளையாட்டுத் தினமும் நடந்தது. ஏசிப் பார்த்தேன், கெஞ்சிப் பார்த்தேன், கதிரையை ஒளித்தும் வைத்தேன். கதிரை இல்லாத நாளில் வெறுங்கையை நீட்டிக்கொண்டு நடந்தார். அதைப் பார்க்க இன்னும் மோசமாக இருந்தது. கடைசியில் கதிரையையே கொடுத்துவிட்டு, விழுந்தால் பிடிக்கலாமென்று பின்னால் நானும் நடந்தேன். அப்படி நடந்ததில்தான் அதற்கு ஒரு ஒழுங்கு இருப்பது தெரிந்தது. கட்டிலடியில் தொடங்குவார். அங்கே கதிரைக் கால்களைக் கொஞ்சம் உயர்த்துவார். கதிரையின் தலைப்பக்கம் நிலத்தைக் கடிக்கும். பிறகு அமத்திப் பிடித்துக்கொண்டு நேராகப் பின்கதவு வரைக்கும் போவார். கதவடியில் கால்களை ஒரு வீச்சில் மேலே எறிவார். கதிரை குப்புறப் புரளும். அதை நிமிர்த்தி, மற்றப் பக்கத்தால் சுற்றிக்கொண்டு திரும்பவும் கட்டிலடிக்கு வருவார். தொண்ணூறு வயசு ஆளின் கையில் அந்த நேரத்துக்கு மட்டும் ஒரு பலம் வந்து நிற்கும்.

அந்தச் சுற்றில் ஒரேயொரு கோணல் இருந்தது. கட்டிலடியிலிருந்து கதவுக்குப் போகிற வழியில், மேசைக்கும் அலுமாரிக்கும் நடுவே, ஓரிடத்தை அவர் மிதிக்கமாட்டார். அங்கே ஒன்றுமில்லை. மற்ற இடமெல்லாம் போட்ட அதே கல்தான் அங்கேயும். ஆனால் அங்கே வந்ததும் கதிரை வலப்பக்கமாக விலகி, கிணத்தைச் சுற்றிப் போவதுபோல வளைந்து, திரும்பவும் நேர்ப்பாதைக்கு வரும். ஒருநாள் எனக்குப் பொறுமை போய்விட்டது. வளைகிற இடத்தில் முழங்கையைப் பிடித்து, நேரை நடவுங்கோ ஐயா, இஞ்சை என்ன குழியே கிடக்குது என்று அவரை அந்தக் கல்லுக்கு மேலால் இழுத்தேன். அவர் என் கையை இறுக்கிப் பிடித்தார். முகம் வெள்ளைத்துணி மாதிரிப் போயிற்று. மாதாவே, நான் என்ன வேலை பார்த்தேன் என்று எனக்கே பயம் பிடித்துவிட்டது. தண்ணி கொடுத்துக் கட்டிலில் இருத்தினேன். அதற்குப் பிறகு நானும் அந்தக் கல்லை மிதிப்பதில்லை.

கதிரை என்னவென்று எனக்கு விளங்கியது அழுக்குத் தண்ணியால். முற்றத்து மூலையில் ஒரு பழைய இரும்புத் தொட்டி கிடந்தது. முன்பக்கம் திறந்து, விளிம்பு சப்பையாக, பின்பக்கம் உயர்ந்து, முறம் மாதிரி இருக்கும். கறள் பிடித்திருந்தது. நிலம் துடைத்த தண்ணியை நான் அதற்குள்தான் ஊற்றிவந்தேன். ஒருநாள் அதை யன்னலால் கண்டுவிட்டார். ஐயோ, அன்றைக்குக் கேட்ட ஏச்சு என் வாழ்நாளில் கேட்டதில்லை. நானும் விடவில்லை. கறள் பிடித்த வாளிக்கு இவ்வளவு மரியாதையோ என்று கேட்டேன். அவர் பொல்லை ஊன்றிக்கொண்டு முற்றத்துக்கு வந்து, தொட்டியின் பின்பக்கத்திலிருந்த இரண்டு ஓட்டைகளைக் காட்டினார். அவற்றில் மரக் கைபிடி இரண்டு இருந்ததாம். முன்னால் பக்கவாட்டில் கொழுக்கிகள். அவற்றில் சங்கிலி, சங்கிலியில் குதிரை. அது மண்வாரி. குதிரை இழுக்க, மனுசன் பின்னால் கைபிடியைப் பிடித்துக்கொண்டு நடக்க, நிலத்தைச் சுரண்டி அள்ளிக்கொண்டு போய் வேறிடத்தில் கவிழ்க்கிற சாமான்.

எங்கள் ஊரில் குதிரை எங்கே, மன்னார்த் தீவு முழுக்கக் கழுதைதான் என்றேன். கழுதை நல்லது, ஆனால் அதற்கு மண் வேலையில் மனமில்லை என்றார் கிழவனார். வயலில் மாடு பூட்டிப் பலகை அடித்து மட்டப்படுத்துவோம் என்றும் சொன்னேன். அதற்கு மட்டும் தலையாட்டினார். பலகை மண்ணைத் தள்ளும், தூக்காது. இது தூக்கும் என்றார். அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் தேத்தண்ணி நேரத்தில் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். எனக்கு அதில் என்ன பிரயோசனம் என்று தொடக்கத்தில் எரிச்சலாக இருந்தது. பிறகு நானே கேட்கத் தொடங்கினேன்.

அவருடைய தகப்பன் காலத்தில் எல்லாம் மண்வெட்டியும் கடகப் பெட்டியும்தான். பெண்கள் தலையில் சுமந்தார்கள். பிறகு ஒரு எலுமிச்சைத் தோட்டக்காரர் இந்த இரும்பு வாரியைக் கடல் கடந்து எடுப்பித்தார். தோட்டத்து நீர்த்தாங்கியிலிருந்து விடுகிற தண்ணி ஒவ்வொரு மரத்தடிக்கும் ஒரேயளவாக ஓட வேண்டுமானால் நிலம் மட்டமாக இருக்க வேண்டும். பத்துப் பேர் செய்கிற வேலையை ஒரு குதிரையும் ஒரு மனுசனும் செய்தார்கள். அதைப் பார்த்துத் தெருப் போடுகிறவர்கள் கேட்டார்கள், பிறகு வீடு கட்டுகிறவர்கள். தண்டவாளத்துக்கு மண் மேடு கட்டின இடத்தில் அவர் இன்னும் பெரியதைக் கண்டிருக்கிறார். சக்கரச் சில்லுப் பூட்டி, பல குதிரை கட்டி, ஓட்டுகிறவர் மேலே ராசா மாதிரி இருந்துகொண்டு போவாராம். ஏழைகளுக்குச் சில்லு இல்லாததுதான். பிறகு ட்ராக்டர் வந்தது, ட்ராக்டருக்கு முன்னால் தகடு வந்தது, புல்டோசர் வந்தது. குதிரைகள் இறைச்சிக் கடைக்குப் போயின.

கைபிடி இரண்டுந்தான் எல்லாம் என்றார். கொஞ்சம் தூக்கினால் விளிம்பு மண்ணைக் கடிக்கும். அமத்தினால் நிறைந்த வாரி வழுக்கிக்கொண்டு போகும். எறிந்தால் கவிழும். ஆனால் மண்ணுக்குள் கல்லோ வேரோ விளிம்பைப் பிடித்துவிட்டால், குதிரை நிற்காது, கைபிடி துள்ளி எழும்பும். பிடித்துக்கொண்டிருக்கிற ஆளைத் தூக்கிக் குதிரையின் பின்னங்காலடியில் எறிந்துவிடும். தன்னுடைய நாடியில் இருந்த தழும்பைத் தொட்டுக் காட்டினார். குதிரைக்கு வேலை பழக்குவது லேசு என்றும் சொன்னார். அள்ளுகிற இடம், கவிழ்க்கிற இடம், திரும்புகிற இடம். சில நாளில் வட்டம் அதன் காலுக்குத் தெரிந்துவிடும். பிறகு ஓட்டுகிறவன் நித்திரை கொண்டாலும் அது தன்பாட்டில் சுற்றும்.

அவர் தமையனைப் பற்றிச் சொன்னது மழைகாலம் தொடங்கின பிறகு. அன்றைக்கு முற்றத்தில் தண்ணி நின்றது. முற்றத்துச் சுவரில் ஒரு சின்ன மாடத்துக்குள் மாதா சுருவமும் விளக்கும் உண்டு. இந்த ஊரில் எந்தச் சுவரில் மாதா இல்லை, நானும் அப்படித்தான் நினைத்து, போகும்போது வரும்போது சிலுவை போட்டுக்கொண்டிருந்தேன். அதற்குக் கீழேதான் மழைத்தண்ணி வட்டமாகத் தேங்கும். கிழவனார் யன்னலடியில் நின்று அதையே பார்த்தார். ஒவ்வொரு மாரியும் அந்த இடம் இறங்கும், முன்பெல்லாம் தான் வாளியில் மண் கொண்டுவந்து நிரப்புவதாகவும் இப்போது ஏலாது என்றும் சொன்னார். ஏன் நீங்கள் நிரப்ப வேணும், மற்ற ஆக்களுக்குக் கையில்லையோ என்று கேட்டேன். அப்போதுதான் சொன்னார்.

இந்தக் கட்டடங்கள் நிற்கிற இடமெல்லாம் எலுமிச்சைத் தோட்டமாக இருந்தது. மரங்களைப் பிடுங்கி, நிலத்தை மட்டப்படுத்துகிற வேலைக்கு அண்ணனும் தம்பியும் வந்தார்கள். இரண்டு குதிரை, இரண்டு வாரி. முன்னால் அண்ணனும் அவனுடைய சிவப்புப் பெட்டைக் குதிரையும், பின்னால் இவரும் இவருடைய குதிரையும். மேட்டில் அள்ளிப் பள்ளத்தில் கவிழ்த்து வட்டமாக நடந்தார்கள். ஓரிடத்தில் மட்டும் அந்தச் சிவப்புக் குதிரை மிதிக்காது. விலகி வளைந்து போகும். பின்னால் வந்த குதிரையும் அதைப் பார்த்து விலகும். அண்ணன் அதை அதன்பாட்டில் விட்டான். மேஸ்திரி விடவில்லை. வட்டம் கோணினால் நேரம் போகிறது, நடுவிலே மேடு மிஞ்சி நிற்கிறது என்று நாளும் கத்தினான். ஒருநாள் மத்தியானம், சாப்பிட்டு எழும்பின கையோடு, குதிரையின் கண்ணைக் கட்டு என்றான்.

"என்ரை லேஞ்சித் துணியாலைதான் கட்டினது," என்றார் கிழவனார். "அண்ணன் மாட்டன் எண்டிட்டான். நான்தான் கட்டினன்."

கண் தெரியாத குதிரை நேராக நடந்தது. நிலத்துக்குக் கீழே, முந்தின காலத்தில் கட்டடக் கல் அறுத்தெடுத்த குகை ஒன்று இருந்திருக்கிறது. அதன் கூரை மெல்லியது. மனுசனின் பாரத்தைத் தாங்கும்; குதிரை, இரும்பு, மண் எல்லாவற்றையும் தாங்கவில்லை. குதிரையும் வாரியும் அண்ணனும் இருந்த இடத்தில் ஒரு ஓட்டை மட்டும் இருந்தது, புழுதி எழும்பிக்கொண்டிருந்தது என்றார். மேஸ்திரி படுத்துக்கொண்டு எட்டிப் பார்த்தான். கூப்பிட்டான். பதில் இல்லை. குதிரைக்குக் கீழே நசிந்து செத்துப்போனான், இறங்கினால் இறங்கினவனும் சாவான், நிரப்பு என்றான். பாதிரியார் வந்து மேலேயிருந்து செபம் சொல்லி மந்திரித்தார். நிரப்புகிற வேலைக்கு அங்கே மிஞ்சியிருந்தது ஒரு வாரிதான். அது இவருடையது. அந்த இடத்துக்கு மேலேதான் இப்போது மாதா சுருவம்.

நான் தேத்தண்ணியை மேசையில் வைத்துவிட்டு, பிறகு நீங்கள் என்ன செய்தனீங்கள் என்று கேட்டேன்.

"நான் ஒண்டும் செய்யேல்லை. குதிரைக்கு வழி தெரியும். அள்ளின இடத்திலை அள்ளிச்சுது, ஓட்டையடியிலை போய் நிண்டுது, நான் கைபிடியை எறிஞ்சன். நிரம்பி மட்டமான பிறகும் அது அந்த இடத்தை மிதிக்கேல்லை. விக்கும் வரைக்கும் மிதிக்கேல்லை."

பிறகு கேட்டார். நான் மண் போடேக்கை அவன் செத்திட்டானோ, இல்லையோ? அதுதான் அவருடைய ஒரே கேள்வி. எழுபது வருசத்துக் கேள்வி. அது தெரியாமல் தன்னால் சாக ஏலாது என்றார். ஒரு விளையாட்டுமில்லாமல், மருந்துக் குளிசை முடிந்துபோயிற்று என்று சொல்வதுபோலத்தான் சொன்னார். ஆண்டவருக்குத்தான் தெரியும் ஐயா என்றேன் நான். சொன்ன மறுகணமே எனக்கு என்மேல் வெறுப்பாக இருந்தது. ஆண்டவருக்குத் தெரியும் என்பது அவருக்குத் தெரியாதா?

அந்த மாரி முழுக்க எனக்கு நிம்மதியில்லை. பஸ்ஸில் இருக்கும்போது என் காலுக்குக் கீழே எல்லாம் வெறுமையாக இருப்பதுபோலத் தோன்றும். இந்த நகரம் முழுக்கக் கல் அறுத்த குகைகளும் பழைய தண்ணிச் சுரங்கங்களும் என்று பஸ்ஸில் யாரோ கதைத்தது காதில் விழுந்து, அதோடு இருந்த கொஞ்ச நித்திரையும் போயிற்று. பல்லரோவில் மீன்காரன் பெட்டியைத் தெருக்கல்லில் இழுத்தால் நெஞ்சு திடுக்கென்றது. வீட்டில் நானே மேசைக்கும் அலுமாரிக்கும் நடுவே விலகி நடந்திருக்கிறேன். எங்கள் வீட்டுக்கும் அந்தக் கிழவனாருக்கும் என்ன சம்பந்தம்? மனுசன் பார்த்துவிட்டு, என்ன, குடிச்சிட்டு வாறியோ என்று பகிடி பண்ணினார். எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. நீங்கள் குடிக்கிறதையும் சேர்த்து நான்தான் ஆடுறன் என்று சொல்லிவிட்டுப் போய்ப் படுத்தேன்.

மழை ஓய்ந்த ஒரு கிழமையில் முற்றம் இறங்கியது. தகரக் கடைக்காரரின் வான் வண்டி, மாதா சுருவத்துக்குக் கீழே நின்றது, பின்சில்லு இரண்டும் மண்ணுக்குள் போய் மூக்கை மேலே தூக்கிக்கொண்டு கிடந்தது. வானை இழுத்தெடுத்தார்கள். சிவப்பு வெள்ளை நாடா கட்டினார்கள். கட்டடத்தில் குடியிருந்தவர்கள் கூடிச் சத்தம்போட்டு, ஒரு பொறியியலாளரைப் பிடித்து, தோண்டிப் பார்த்துத்தான் நிரப்ப வேண்டும் என்று முடிவெடுத்தார்கள். சிஞ்ஞோரா என்னைக் கூப்பிட்டு, மெஷின் வருகிற நாளில் பின்பக்க யன்னலெல்லாம் பூட்டி வை, ரேடியோவைச் சத்தமாகப் போடு, அப்பாவுக்கு ஒன்றும் தெரியவேண்டாம் என்றாள். அவளுக்கும் பெரியப்பா அங்கே செத்தது தெரியும். எலும்பு வந்தால் அப்பாவின் நெஞ்சு தாங்காது என்று பயந்தாள். அவள் பயத்திலும் நியாயம் இருந்தது.

யன்னலைப் பூட்டினேன், ரேடியோவும் போட்டேன். என்ன பிரயோசனம்? மெஷின் வந்து முதல் வாளி மண்ணை அள்ளின உடனேயே கிழவனார் ரேடியோவை நிற்பாட்டச் சொல்லிவிட்டார். கட்டிலில் நிமிர்ந்திருந்து காதால் பார்த்தார். இப்ப மேல்மண், இது நான் வாளியாலை போட்டது என்றார். கொஞ்சநேரம் கழித்து, இப்ப பழைய மண் என்றார். அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை. நான் வற்புறுத்தவும் இல்லை.

அடுத்தநாள் மத்தியானத்துக்கு முன்னம் மெஷின் சத்தம் சட்டென்று நின்றது. வெளியில் ஆட்கள் கதைக்கிற சத்தம் மட்டும். பிறகு பொலிஸ் வந்தது, சிஞ்ஞோரா ஓடிவந்தாள், அவள் தகப்பனுக்குப் பக்கத்தில் இருக்க, நான் தொழிலாளருக்குக் கோப்பி கொடுக்கிற சாட்டில் முற்றத்துக்குப் போனேன். மெஷின் ஓட்டுகிறவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். பார்க்கவேண்டாம் அம்மா என்று எனக்குச் சொன்னார். பார்க்கத்தானே போனேன். கிடங்கை அகலமாகத் திறந்து, உள்ளே லைட் விட்டிருந்தார்கள்.

நேர் கீழே இரும்பு வாரி கவிழ்ந்து கிடந்தது. அதோடு குதிரையின் எலும்புகள், பெரிய விலா எலும்புகள் மண்ணோடு மண்ணாக. அங்கே மனுசன் இல்லை. குகையின் ஒரு பக்கத்தில், கல் அறுத்தவர்கள் விட்டுப்போன ஒரு பொந்து போலப் பாதை இருந்தது. மண் அதற்குள் போகவில்லை; வாரியின் ஒரு விளிம்பு மட்டும் உள்ளே நீட்டிக்கொண்டிருந்தது. அதன் உள்ளே, சுவரில் முதுகைச் சாய்த்து, காலை நீட்டியபடி கிழவனாரின் அண்ணன் இருந்தார், எலும்பாக. சப்பாத்து இருந்தது. இடது கால் எலும்பு கணுக்காலுக்கு மேலே உடைந்திருந்தது. அந்தக் காலின் இரண்டு பக்கமும் கைபிடி மரத்துண்டு வைத்து, குதிரையின் வார்த்தோலால் சுற்றி, முடிச்சுப் போட்டிருந்தது. யாரும் அதை அவருக்குக் கட்டிவிட்டிருக்க முடியாது. மெஷின்காரர் கோப்பித் தட்டை என் கையிலிருந்து வாங்கி நிலத்தில் வைத்தார்.

சிஞ்ஞோராவுக்கும் பொலிஸ் சொல்லியிருந்தது. குசினியில் என்னைக் கண்டதும் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு அழுதாள். அப்பாவுக்கு இதைச் சொல்லக்கூடாது, குதிரைக்குக் கீழே கிடந்தார், உடனே முடிந்துவிட்டது என்று சொல்ல வேண்டும், என்னால் சொல்ல ஏலாது, நீ சொல்லு என்றாள். நான் ஏன் என்று கேட்டேன். நான் சொன்னால் நம்பமாட்டார், நீ அவரை ஏசுகிறவள், உன்னை நம்புவார் என்றாள்.

நான் ஓம் என்றேன். யோசிக்காமல் சொல்லவில்லை. எங்கள் சின்னம்மாவின் மகன் நாட்டில் நடந்த கடைசிச் சண்டையில் பங்கர்க் குழிக்குள் இருந்தபடியே செத்துப்போனவன். தூக்கியெடுத்து அடக்கம் செய்ய நேரமில்லை. சின்னம்மாதான் மேலே கிடந்த மண்ணைக் கையால் தள்ளி மூடிவிட்டு மற்றப் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு நடந்தா. போனில் என்னோடு கதைத்தால் எப்படியும் அந்தக் கதைக்கு வந்து நிற்பா. உடனை முடிஞ்சிருக்கும் சின்னம்மா, அவனுக்கு ஒண்டும் தெரிஞ்சிருக்காது என்று நானும் வருசக்கணக்காகச் சொல்கிறேன். அங்கே சொல்லலாமென்றால் இங்கேயும் சொல்லலாம். ஒரு கிழவரை நிம்மதியாகச் சாகவிடுவது பாவமென்றால் அந்தப் பாவம் என் தலையில் கிடக்கட்டும் என்று நினைத்தேன்.

சிஞ்ஞோரா பொலிஸோடு கதைக்க வெளியே போனாள். நான் கட்டிலில் அவருக்குப் பக்கத்தில் இருந்து கையைப் பிடித்தேன். எடுத்திட்டினமோ என்று கேட்டார். ஓம் என்றேன்.

"குதிரைக்குக் கீழைதான் கிடந்தவர் ஐயா. விழுந்த உடனை முடிஞ்சுது. நீங்கள் மண் போடேக்கை அவர் இல்லை."

என் குரல் நடுங்கவில்லை. கண்ணைப் பார்த்துத்தான் சொன்னேன். அவர் தன் கையை என் கையிலிருந்து மெல்ல எடுத்தார். பூட்டின யன்னலைப் பார்த்தபடி இருந்தார். அழப்போகிறார், அழட்டும், அழுதால் ஆறும் என்று காத்திருந்தேன்.

"அப்ப தட்டினது ஆர்?" என்றார்.

எனக்கு விளங்கவில்லை. இதை அவர் ஒருநாளும் சொன்னதில்லை. குரலை உயர்த்தாமல் சொன்னார். ஓட்டை பாதி நிரம்பின நேரம், கீழேயிருந்து இரும்பில் கல்லால் தட்டுகிற சத்தம் வந்ததாம். இரண்டு தட்டு, ஒரு இடைவெளி, பிறகு இரண்டு தட்டு. சாப்பாட்டுக்குக் கூப்பிட அவர்கள் இரண்டு பேரும் வாரியில் அப்படித்தான் தட்டுவார்களாம். இவர் குதிரையை நிற்பாட்டினார். மண் பாரத்துக்கு வாரி இறங்குகிற சத்தம், நடத்து என்றான் மேஸ்திரி. இவர் நடத்தினார். பிறகு தாய்க்குச் சொன்னார். தாய் கன்னத்தில் அடித்து, இனி அந்தக் கதை எடுக்காதே என்றாள். பாதிரியாருக்குச் சொன்னார், அது துக்கத்தில் கேட்கிறது என்றார். மனைவிக்குச் சொன்னார். அவள் சொன்னதும் அதுதான்.

"எல்லாரும் எனக்கு மூளை பிசகின விசர் எண்டவை. நானும் விசர் எண்டு நினைச்சுத்தான் சீவிச்சனான்." பிறகு என்னைப் பார்த்தார். "நீ ஏசுவாய், பொய் சொல்லமாட்டாய் எண்டு நினைச்சனான்."

வெளியே சிஞ்ஞோராவின் குரல் கேட்டது. அவள் உள்ளே வருவதற்குள் சொல்லாவிட்டால் பிறகு நான் சொல்லமாட்டேன் என்று எனக்குத் தெரியும்.

"அவர்தான் தட்டினவர்," என்றேன். "உங்களுக்கு விசர் இல்லை."

எல்லாவற்றையும் சொன்னேன். பக்கத்துப் பொந்து, சுவரில் சாய்ந்திருந்தது, உடைந்த கால், மரத்துண்டு, வார்த்தோல், முடிச்சு. அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். முடித்த பிறகும் கண்ணைத் திறக்கவில்லை. மூச்சு வருகிறதா என்று நான் குனிந்து பார்த்தேன்.

"எந்தக் கால்?" என்றார்.

"இடது."

அவர் போர்வையை விலக்கினார். குனிந்து, இரண்டு கையாலும் தன்னுடைய இடது காலைக் கணுக்காலுக்கு மேலே சுற்றிப் பிடித்தார், வார்த்தோல் சுற்றியிருந்த அதே இடத்தில். எந்த இடம் என்று நான் சொல்லவேயில்லை. இறுக்கிப் பிடித்துக்கொண்டு அப்படியே இருந்தார். மகள் வந்து அப்பா என்று கூப்பிட்டும் கையை எடுக்கவில்லை.